இயக்குநீர்க் குலைப்பி: மீனைக் கொல்லாமல் கெடுக்கும் மாசுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

ஏரியில் மீன்கள் செத்து மிதந்தால் மறுநாளே படத்தோடு செய்தி வந்துவிடும். ‘நச்சுக்கழிவு’ என்று தலைப்பும் தயாராக இருக்கும். மீன் சாகாமல் நீந்துகிறது, இரை எடுக்கிறது, எடையும் சரியாக இருக்கிறது, ஆனால் ஆண் மீனின் விந்தகத்துக்குள் முட்டைகள் வளர்கின்றன என்றால் அதை என்னவென்று எழுதுவது? இப்படிச் செய்யும் வேதிப்பொருளை ஆங்கிலத்தில் ‘எண்டோகிரைன் டிஸ்ரப்டர்’ என்கிறார்கள். தமிழில் இதை ‘இயக்குநீர்க் குலைப்பி’ என்று எழுதலாம். பேச்சிலும் செய்தியிலும் ‘ஹார்மோன் குலைப்பி’ என்றாலும் தவறில்லை.

ஆங்கிலச் சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1991 ஜூலையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் நகரில் உள்ள விங்ஸ்பிரெட் மாநாட்டு இல்லத்தில் 21 அறிவியலாளர்கள் கூடினார்கள். கூட்டியவர் தியோ கோல்போர்ன். வட அமெரிக்கப் பேரேரிகளில் பறவைகளுக்கும் மீன்களுக்கும் நேர்ந்த இனப்பெருக்கக் கோளாறுகளைத் தொகுத்துக்கொண்டிருந்தவர் அவர். விலங்கியல், மருத்துவம், நோயெதிர்ப்பு என்று தனித்தனியே வேலை செய்தவர்கள் தங்கள் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எல்லாமே ஹார்மோனைச் சுட்டின. அங்கேதான் இந்தப் பெயர் பிறந்தது.

அதில் முதல் பாதியான ‘எண்டோகிரைன்’ கிரேக்க வேர் கொண்டது. ‘எண்டோன்’ என்றால் உள்ளே, ‘கிரினோ’ என்றால் பிரித்தெடு. உள்ளுக்குள்ளே சுரப்பது என்று பொருள். வியர்வைச் சுரப்பிக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் குழாய் உண்டு. எண்டோகிரைன் சுரப்பிகளுக்குக் கிடையாது, சுரப்பு நேராக இரத்தத்தில் கலந்துவிடும். அதனால்தான் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘நாளமில்லாச் சுரப்பி’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘அகஞ்சுரக்கும் சுரப்பி’ என்கின்றன. இலங்கைப் பெயர் கிரேக்கப் பொருளை அப்படியே பிடித்திருக்கிறது.

‘ஹார்மோன்’ என்ற சொல்லைப் பொது வழக்குக்குக் கொண்டுவந்தவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். 1902இல் அவரும் வில்லியம் பேலிஸும் குடலிலிருந்து சுரக்கும் செக்ரெடினைக் கண்டுபிடித்தார்கள். இப்படி இரத்தத்தின் வழியே போய் இன்னோர் உறுப்பை வேலை செய்யவைக்கும் பொருள்களுக்கு 1905இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஸ்டார்லிங் இந்தப் பெயரைச் சூட்டினார். ‘ஹார்மாவோ’ என்ற கிரேக்க வினைக்கு ‘தூண்டுகிறேன், இயக்குகிறேன்’ என்று பொருள். தமிழில் ‘இயக்குநீர்’ என்று ஆக்கியவர்கள் அந்த வினையையே எடுத்துக்கொண்டார்கள். மிக நல்ல சொல் அது. ஹார்மோன் நீரா என்று கேட்பவர்கள் உண்டு. உமிழ்நீர், சிறுநீர், செரிமானநீர் என்று உடலில் சுரப்பதையெல்லாம் நீர் என்பது நம் வழக்கம், அதில் பிழை காண ஒன்றுமில்லை.

மீனின் உடலில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் சொல்லின் இரண்டாம் பாதியை முடிவு செய்ய முடியும். பெண் மீன் முட்டையிடும் பருவத்தில் அதன் மூளையும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் சினைப்பைக்குக் கட்டளை அனுப்புகின்றன. சினைப்பை ஈஸ்ட்ரடையால் என்ற இயக்குநீரைச் சுரக்கிறது. அது இரத்தத்தில் கல்லீரலுக்குப் போய் அங்குள்ள ஏற்பிகளில், அதாவது இயக்குநீரை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதங்களில், ஒட்டுகிறது. உடனே கல்லீரல் ‘விட்டெல்லோஜெனின்’ என்ற புரதத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. மஞ்சட்கருவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. முட்டையின் மஞ்சட்கருவுக்கு மூலப்பொருளும் இதுதான். ஆண் மீனின் கல்லீரலிலும் இதே மரபணு இருக்கிறது, கட்டளை வராததால் அது சும்மா கிடக்கிறது. ஆகவே ஒரு ஆண் மீனின் இரத்தத்தில் விட்டெல்லோஜெனின் மிகுந்திருந்தால், வெளியிலிருந்து ஏதோ ஒரு ஈஸ்ட்ரோஜன், அதாவது ஈஸ்ட்ரடையால்போல் வேலை செய்யும் பொருள், உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். ஆய்வாளர்கள் தேடுவது பெரும்பாலும் இந்தத் தடயத்தைத்தான்.

மீனின் ஈஸ்ட்ரடையாலும் மனிதரின் ஈஸ்ட்ரடையாலும் ஒரே மூலக்கூறு. நம் உடலிலிருந்து சாக்கடைக்குப் போவதை மீனின் ஏற்பி தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ளும். அப்புறம், பல மீன்களுக்குக் குஞ்சுப் பருவத்தில் ஆணா பெண்ணா என்பது இன்னும் உறுதிப்படுவதில்லை. பல நாடுகளின் திலேப்பியா பண்ணைகளில், அதாவது நம் ஜிலேபி மீன் வளர்ப்பில், குஞ்சுகளுக்கு மூன்று நான்கு வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆணாக்கிவிடுகிறார்கள். அந்தப் பருவத்தில் ஆற்றுநீரே ஹார்மோன் கலந்ததாக இருந்தால் குஞ்சு என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை முதலில் விரிவாகக் கண்டது இங்கிலாந்தில். அங்குள்ள லீ ஆற்றையொட்டிய கழிவுநீர்க் குளங்களில், கெண்டைக்கு உறவான ரோச் மீன்கள் சில ஆண், பெண் இரண்டின் உறுப்புகளோடும் இருப்பது 1970களின் இறுதியில் தெரியவந்தது. பிறகு ஜான் சம்ப்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சுத்திகரிப்பு நிலையங்களின் வெளியேற்று வாயில் டிரவுட் மீன்களைக் கூண்டிலிட்டு வைத்தார்கள். சில வாரங்களிலேயே அவற்றின் விட்டெல்லோஜெனின் ஆயிரக்கணக்கான மடங்கு ஏறியது. 1998இல் சூசன் ஜோப்லிங்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், பல ஆறுகளில் கழிவுநீர் வாய்க்குக் கீழே இருபால் ரோச் மீன்கள் பரவலாக இருப்பது தெரிந்தது. சில இடங்களில் பிடிபட்ட ஆண் மீன்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன.

கழிவுநீரைப் பகுத்துப் பார்த்ததில் கிடைத்தவை பெண் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரடையாலும் ஈஸ்ட்ரோனும், கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடையாலும்தான். உடல் இவற்றை வேறொரு மூலக்கூறோடு பிணைத்துச் செயலற்றதாக்கி வெளியேற்றுகிறது. சாக்கடையில் உள்ள பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை வெட்ட, ஹார்மோன் மறுபடி உயிர்பெறுகிறது. இதை வைத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள்மீது பழி போடும் பேச்சு அவ்வப்போது வரும். அது நியாயமே இல்லை. யார்க்‌ஷயரின் எயர் ஆற்றில் கோளாறுக்குக் காரணம் கம்பளி ஆலைகள். ஆட்டுரோமத்தை அலசப் பயன்படுத்திய சோப்புச் சரக்கு, சுத்திகரிப்பில் சிதைந்து நோனைல்ஃபீனால் என்ற வேதிப்பொருள் ஆனது. அது ஈஸ்ட்ரோஜன்போல் நடித்தது. ஆலைகள் அதைக் குறைத்ததும் ஆற்றில் விளைவும் குறைந்தது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குச் சட்டத்தால் கடிவாளம் போட்டது.

அளவைக் கேட்டால்தான் உண்மையில் மனம் பதறுகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 260 என்ற எண் கொண்ட ஏரியில், கேரன் கிட் குழுவினர் 2001 முதல் 2003 வரை ஒவ்வொரு கோடையிலும் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம்தான். ஒரு கிராமை 20 கோடி லிட்டரில், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் பதினாறாயிரத்துக்கு மேல் நிரப்பி அவற்றில், கரைத்தால் வரும் அளவு அது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனின் ஆண்களில் விட்டெல்லோஜெனின் எகிறியது, விந்தகம் கெட்டது. சில ஆண்டுகளில் அந்த மீன் ஏரியிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. அதைத் தின்று வாழ்ந்த பெரிய மீன்களும் குறைந்தன. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் மின்னோ திரும்பப் பெருகியது. எல்லா ஆற்றிலும் இப்படி ஆகும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு மீனைக்கூட நேரடியாகக் கொல்லாமல் ஓர் இனத்தையே காலி செய்ய முடியும் என்பது ஐயமின்றித் தெரிந்தது.

சரி, இனி பெயருக்கு வருவோம். ‘நஞ்சு’ என்றால் கொல்வது என்ற எண்ணம் முந்திக்கொண்டு வரும், அதனால் பொருந்தாது. ‘பெண்மையாக்கி’ என்றும் சிலர் எழுதக்கூடும், அது பாதி உண்மைதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் எலெவன்மைல் ஓடையில் காகிதக்கூழ் ஆலைக்குக் கீழே, பெண் கம்பூசியா மீன்களுக்கு ஆண் மீனின் இனச்சேர்க்கைத் துடுப்பு வளர்ந்திருந்தது 1980லேயே பதிவாகியிருக்கிறது. கொசுப்புழுவைத் தின்ன நம் ஊர்க் கிணறுகளில் விடுவதும் கம்பூசியாதான். சில பொருள்கள் ஹார்மோனைப்போல் நடிக்கும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி சிதைந்து வரும் டிடிஇ போன்றவை ஆண் ஹார்மோனின் ஏற்பியை அடைத்துக்கொள்ளும். வேறு சில, ஹார்மோன் உருவாவதையே தடுக்கும். ‘நாளமில்லாச் சுரப்பி சீர்குலைப்பான்’ என்ற பெயரிலும் எனக்கு ஒரு குறை தெரிகிறது. நீளம் ஒருபுறம் இருக்கட்டும். மேலே சொன்னவற்றில் பல, சுரப்பியைத் தொடுவதே இல்லை. கல்லீரலின் ஏற்பியில் போய் உட்கார்ந்து இல்லாத கட்டளையைக் கொடுக்கின்றன. கெடுவது இயக்குநீரின் வேலை. அதனால் பெயரில் இயக்குநீர்தான் நிற்க வேண்டும்.

‘குலை’ என்ற வினை இங்கே கச்சிதம். நிலைகுலைதல், சீர்குலைதல் இரண்டிலும் பொருள் அழிவதில்லை, அதன் ஒழுங்கு கெடுகிறது. பூச்சிக்கொல்லி, வினையூக்கி, ஒலிபெருக்கி என்று செய்வதைக் குறிக்கும் ‘இ’ ஈறு நமக்குப் பழகியது, அதைச் சேர்த்தால் குலைப்பி.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு வரையறைப்படி, வெளியிலிருந்து வரும் ஒரு பொருள் ஹார்மோன் அமைப்பின் செயலை மாற்றினால் மட்டும் போதாது. அந்த மாற்றத்தால் உயிரிக்கோ அதன் சந்ததிக்கோ கூட்டத்துக்கோ கேடு விளைந்திருக்க வேண்டும். ஆய்வுக்குழாயில் ஒரு ஏற்பியில் ஒட்டியது என்பதற்காக எதையும் இயக்குநீர்க் குலைப்பி என்று எழுதிவிடக் கூடாது. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் சோப்பிலும் பற்பசையிலும் சேர்த்த ட்ரைக்ளோசானும், அழகுப்பொருள்களில் சேர்க்கும் பாராபென்களும் அளந்து பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதும்போது ‘இயக்குநீர்க் குலைப்பி என ஐயுறப்படும் பொருள்’ என்பதே சரி. அந்த ஆறுகளின் கெண்டையிலும் கெளுத்தியிலும் விட்டெல்லோஜெனினை அளந்து, கேடு உறுதியான பின் ‘ஐயுறப்படும்’ என்பதை எடுத்துவிடலாம்.