முடி கொட்டாத நாயின் முடி எங்கே போகிறது?

"டாக்டர், பூடில் வாங்கலாம்னு இருக்கோம். முடியே கொட்டாதாமே?"

ஒரு காலத்தில் லேப்ரடார், பொமரேனியன், பக் நாய்களாக வந்துகொண்டிருந்த என் கிளினிக்கில் இப்போது டாய் பூடில் குட்டிகள் அடிக்கடி வருகின்றன. அடுக்குமாடி வீடு, சின்ன நாய், சோபாவில் முடி ஒட்டாது, பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். வாங்குபவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான். முடி கொட்டாது என்பதும் ஏறக்குறைய உண்மைதான். கொட்டாத முடி எங்கே போகும் என்பதை மட்டும் விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்.

மற்ற நாய்களின் முடி ஓரளவு வளரும், நிற்கும், உதிரும். பூடிலின் முடிக்கு வளர்ச்சிக் காலம் மிக நீளம். வெட்டாமல் விட்டால் வளர்ந்துகொண்டே போகும். உதிர்கிற கொஞ்சம் முடியும் தரைக்கு வராமல் பக்கத்துச் சுருளிலேயே மாட்டிக்கொள்ளும். அதோடு எண்ணெய்ப்பசை, தூசி, எச்சில், குளிப்பாட்டிய ஈரம் எல்லாம் சேர்ந்தால் சடை பிடிக்கும். முதலில் காதுக்குப் பின்னால், அப்புறம் அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டையும் ஹார்னஸும் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) உராயும் இடங்கள்.

வீட்டுக்காரர்கள் சீவாமல் இருப்பதில்லை. தினமும் சீவுவதாகத்தான் சொல்கிறார்கள், சீவவும் செய்கிறார்கள். ஆனால் பிரஷ் மேல்முடியோடு நின்றுவிடுகிறது. மேலே பஞ்சுபோலப் புசுபுசுவென்று இருக்கும் நாயை மேசையில் நிறுத்தி ஸ்டீல் சீப்பை விட்டால், அரை விரல் ஆழத்தில் சீப்பு நின்றுவிடும். "இந்த இடத்தில் முடியை விலக்கித் தோலைக் காட்டுங்கள்" என்று கேட்பேன். விரலால் எப்படி விலக்கினாலும் தோல் தெரியாது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் சிக்கெடுக்க முடியாது. ஒவ்வொரு சடையும் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால், சீப்பை இழுக்கும்போதெல்லாம் நாய்க்கு வலிக்கும். பல நேரம் மயக்க மருந்து கொடுத்துத்தான் மெஷினால் எடுக்க வேண்டியிருக்கிறது. முடி உதிரி உதிரியாக வராது, உடம்பிலிருந்து கழற்றிய ஸ்வெட்டர் மாதிரி ஒரே துண்டாக வரும். அடியில் தோல் சிவந்து, கசிந்து, புளித்த வாடை அடிக்கும். உண்ணிகள் வயிறு புடைத்து உட்கார்ந்திருக்கும். காதில் தொங்கிய கனமான சடையை எடுத்தபின் சில நாய்கள் தலையை விடாமல் உதறும், காது மடலுக்குள் ரத்தம் கோத்து வீங்கிவிடும். இவ்வளவும் அன்பாக வளர்த்த வீட்டு நாய்களில் நான் பார்ப்பவை.

ஆகவே சீவுவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கி, தோல் ஒரு கோடாகத் தெரிகிற மாதிரி வகிடு எடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடியைக் கீழே இறக்கி ஸ்லிக்கர் பிரஷால் (மெல்லிய கம்பிப் பற்கள் வைத்த பிரஷ்) சீவுங்கள். பிரஷைத் தோலில் அழுத்தித் தேய்க்கக் கூடாது, புண்ணாகிவிடும். ஒரு பகுதி முடிந்ததும் ஸ்டீல் சீப்பை வேரிலிருந்து நுனிவரை ஓட்டிப் பாருங்கள். தடையில்லாமல் ஓடினால்தான் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம்.

குளிப்பாட்டுவதற்கு முன்னால் சிக்கெடுங்கள். ஏற்கெனவே இருக்கிற சிக்கு நனைந்தால் இறுகிக் கல்லாகிவிடும். துவட்டும்போதும் தேய்க்காமல் டவலால் ஒற்றியெடுத்து, குறைந்த சூட்டில் டிரையர் பிடித்துக்கொண்டே சீவ வேண்டும். "வெயிலில் விட்டால் தானே காய்ந்துவிடும்" என்பது நாட்டு நாய்க்குச் சரி. பூடிலின் மேல்முடி காய்ந்திருக்கும், அடியில் ஈரம் அப்படியே நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றிலேயே ஈரம் இருக்கும்போது கேட்கவே வேண்டாம். ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்று வந்து, எவ்வளவு குளிப்பாட்டினாலும் நாற்றம் போகவில்லை என்று வருவார்கள். இன்னும் குளிப்பாட்டியிருப்பார்கள், இன்னும் அதிகமாகியிருக்கும்.

ஒரு வயதை ஒட்டிக் குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வரும் மாதங்களில் சிக்கு மிக மோசமாக இருக்கும். அந்தச் சமயத்தில் முடியைக் குட்டையாக வெட்டிவிடுவதே நாய்க்கும் உங்களுக்கும் நல்லது. பொதுவாகவே, ஒன்றுவிட்டு ஒரு நாள் இருபது நிமிடம் ஒதுக்க முடியாது என்றால் முடியைக் குட்டையாக வைத்திருங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை ட்ரிம் செய்ய வேண்டும், அதைப் பால், மளிகை மாதிரி வீட்டுச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலம் என்று தோல் தெரிய மழிக்க வேண்டாம். அரை அங்குலமாவது விட்டால்தான் வெயில் நேராகத் தோலில் படாது.

கண்காட்சிகளில் இடுப்பை மழித்து, மார்பிலும் மூட்டுகளிலும் மட்டும் உருண்டை உருண்டையாக முடி விட்ட பூடிலைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. அது அலங்காரமாகத் தொடங்கியது அல்ல. பூடில் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் நீர்ப்பறவை வேட்டைக்கு வளர்க்கப்பட்ட நாய். சுட்ட வாத்தைக் குளிர்ந்த நீரில் நீந்திப் போய் எடுத்து வரும். நீந்த எளிதாக இருக்க உடம்பு முடியை வெட்டினார்கள், குளிர் தாக்காமலிருக்க மார்பிலும் மூட்டுகளிலும் விட்டுவைத்தார்கள். ஆக, மடியில் வைத்துக் கொஞ்சும் பொம்மைக்குள் இருப்பது நாளெல்லாம் வேலை செய்யப் பழகிய ஒரு நாயின் வம்சம். இதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

முடி கொட்டாது என்பதால் ஒவ்வாமையும் வராது என்று நம்பி, ஆஸ்துமா இருக்கும் வீட்டுக்குப் பூடில் வாங்குகிறார்கள். நாய் ஒவ்வாமைக்குக் காரணம் முடி மட்டுமல்ல. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் கேன் எஃப் 1 போன்ற புரதங்கள்தான் முக்கியக் காரணம். அவை பூடிலிலும் உண்டு. சந்தேகம் இருந்தால், பூடில் வளர்க்கும் நண்பர் வீட்டில் ஒவ்வாமைக்காரர் சில முறை சில மணி நேரம் இருந்து பார்க்கட்டும். குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, குழந்தைகள் பெயரும் வைத்தபின் திருப்பிக் கொடுப்பது எல்லோருக்கும் கஷ்டம்.

அடுத்து அளவு. நாய் இனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. பூடிலை நான்கு அளவாகப் பிரிக்கிறது. தோள் உயரம் 24 முதல் 28 செ.மீ. என்றால் டாய், 35 வரை மினியேச்சர், 45 வரை மீடியம், அதற்கு மேல் சுமார் 60 வரை ஸ்டாண்டர்ட். 'டீகப்' என்று ஒரு அளவு இதில் கிடையாது, அது விற்பவர் வைத்த பெயர். டாய் என்று வாங்கியது மினியேச்சராக வளர்வதும் சகஜம். வளரட்டும், அதில் ஒரு நஷ்டமும் இல்லை. "சாப்பாட்டைக் குறைத்தால் சின்னதாகவே இருக்கும்" என்று விற்பவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். இதைப் போன்ற ஒரு கொடுமையான யோசனையை நான் கேட்டதில்லை.

ஏனென்றால் இந்தக் குட்டிகளின் உடம்பில் சேமிப்பே கிடையாது. ராத்திரி சரியாகச் சாப்பிடாத ஒரு கிலோ குட்டிக்குக் காலையில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். தள்ளாடும், உடம்பு ஜில்லென்று இருக்கும், சில சமயம் வலிப்பே வரும். தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். மயங்கிக் கிடக்கும்போது வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். நான்கு மாதம் வரையாவது நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு, குட்டிகளுக்கென்று தயாரித்த உணவு. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் கூழ்மாவை மட்டும் கரைத்துக் கொடுத்து வளர்ப்பது போதாது.

நம் வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரை பூடிலுக்கு எதிரி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கி இரண்டு மூன்று அடி நொண்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். வீட்டில் அதை விளையாட்டு என்று நினைப்பார்கள், வீடியோகூட எடுத்து வைத்திருப்பார்கள். அந்த வீடியோ எனக்கு மிகவும் உபயோகம். முழங்கால் சிப்பி இடம் விலகித் திரும்ப உட்காருவதன் அடையாளம் அது. லேசாக இருந்தால் எடையைக் குறைத்து, தசையைப் பலப்படுத்திச் சமாளிக்கலாம். அடிக்கடி விலகினால் அறுவை சிகிச்சை. ஒரு வயதுக்குள் பின்னங்கால் நொண்டல் கூடிக்கொண்டே போய், அந்தத் தொடை இளைத்தும் போனால் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது சிதைவது சிறிய இன நாய்களில் வரும் நோய்.

சோபாவிலிருந்தோ குழந்தையின் கையிலிருந்தோ குதித்து முன்னங்கால் முறிந்து வருவது தனிக் கதை. டாய் பூடிலின் முன்னங்கால் எலும்பு மெல்லியது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் மாவுக்கட்டு மட்டும் போட்டால் பல நேரம் ஒட்டாது, அறுவை சிகிச்சையில் உலோக பிளேட் வைக்க வேண்டும். எண்ணெய்க் கட்டு போட்டு இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு வருபவர்களும் உண்டு. அதற்குள் எலும்பு கோணிக்கொண்டிருக்கும். நாய் நடமாடும் வழியில் ரப்பர் பாய் போடுங்கள், பாதத்தின் அடியில் வளரும் முடியை வெட்டுங்கள், நகத்தை நீளவிடாதீர்கள், சோபா பக்கத்தில் ஒரு சின்னப் படி வையுங்கள். குழந்தைகள் தரையில் உட்கார்ந்துதான் தூக்க வேண்டும்.

காது பற்றி: தொங்கும் காது, துவாரத்துக்குள் முடி, நம் ஊர் ஈரம். சீழ் பிடிக்க இதுவே போதும். வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். வாடையோ பழுப்பு அழுக்கோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம். ஆரோக்கியமான காதில் இருக்கும் முடியை ஒவ்வொரு முறையும் பிடுங்க வேண்டிய அவசியமும் இல்லை.

பல்லைப் பொறுத்தவரை, சின்ன வாயில் 42 பற்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. பாலும் பிஸ்கட்டும் தயிர்சாதமும் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். ஏழு மாதம் ஆகியும் பால் கோரைப்பல் விழாமல் புதிய பல்லோடு ஜோடியாக நின்றால் எடுத்துவிட வேண்டும். தினமும் நாய்க்கான பேஸ்ட்டால் துலக்குங்கள், நம் பேஸ்ட் ஆகாது. பாயசத்தில் மிதக்கும் திராட்சை, சாம்பார் வெங்காயம், சாக்லேட், சைலிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லாத சூயிங்கம் எல்லாம் நாய்க்கு விஷம். நான்கு கிலோ நாய்க்கு மிகக் கொஞ்சம் தின்றாலே ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் கொழுப்பைத் தின்று திங்கட்கிழமை வாந்தியோடு வரும் கணைய அழற்சிக் கேஸ்கள் எங்களுக்குப் பழக்கம். எடையையும் கவனியுங்கள். நான்கு கிலோ நாய் அரைக் கிலோ கூடுவது, அறுபது கிலோ மனிதர் ஏழரைக் கிலோ கூடுவதற்குச் சமம்.

இப்போது அந்த வேலைக்கார வம்சத்துக்கு வருவோம். பூடிலுக்கு மூளை அதிகம், அது சும்மா இருக்காது. நீங்கள் செருப்பு மாட்டும் சத்தத்துக்கும் கார் சாவி எடுக்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிந்துவைத்திருக்கும். குரைத்தால் பிஸ்கட் வரும் என்று இரண்டே நாளில் உங்களைப் பழக்கிவிடும். எப்போதும் தூக்கிக்கொண்டே திரிந்துவிட்டு, விடுமுறை முடிந்து ஒருநாள் எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால் கதவைப் பிராண்டும், ஊளையிடும், பாதத்தை நக்கி நக்கிப் பழுப்பாக்கும். பாதம் நக்குவது தோல் ஒவ்வாமையாலும் வரும் என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம். தனிமைதான் காரணம் என்றால் மருந்தால் மட்டும் தீராது. குட்டியிலிருந்தே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனியே இருக்கப் பழக்குங்கள். சாப்பாட்டில் பாதியைத் தட்டில் வைக்காமல் சுருட்டிய துணியிலும் அட்டைப் பெட்டியிலும் ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். காலை ஏழு மணிக்கு முன், தார்ரோடு சுடுவதற்குள், தரையில் விட்டு நடத்துங்கள், வழியெல்லாம் மோப்பம் பிடிக்கட்டும். கழுத்துப்பட்டையில் கட்டி இழுக்காமல் ஹார்னஸ் போடுங்கள். இந்தச் சின்ன இனங்களின் மூச்சுக்குழாய் தளர்ந்து, வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் வரும், கழுத்தில் விழும் அழுத்தம் அதைக் கூட்டும். வயதான நாய்க்கு இருமல் வந்தால் இதயத்தையும் பார்க்க வேண்டும்.

சுருள் முடிக்குள் உண்ணி கண்ணுக்குத் தெரியாது. உண்ணி பரப்பும் ரத்த நோய்களான எர்லிக்கியா, பேபீசியா இரண்டும் நம் ஊரில் வருடம் முழுக்க உண்டு. உண்ணித் தடுப்பு மருந்தைத் தேதி தவறாமல் கொடுங்கள். காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் என்றால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். இருட்டில் படியிறங்கத் தயங்கும் பூடிலுக்கு விழித்திரை நலிவு இருக்கலாம். பரம்பரையாக வருவது அது, குணப்படுத்த மருந்தில்லை. அதன் முக்கிய வகை ஒன்றுக்கு டி.என்.ஏ. பரிசோதனை இருப்பதால், நல்ல பிரீடர் தாய் தந்தைக்கு அதைச் செய்திருப்பார். ஸ்டாண்டர்ட் பூடில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நடு இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வாங்குவதற்கு முன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நடப்பில் ஐந்து வாரக் குட்டிகள் பிளாஸ்டிக் கூடையில் பஸ் ஏறி வருகின்றன. தாய்ப்பால் தந்த நோய் எதிர்ப்பு குறைந்து, தடுப்பூசியும் வேலை செய்யத் தொடங்காத அந்த இடைவெளியில் பார்வோ வைரஸ் பிடித்து, வாங்கிய வாரத்திலேயே ரத்தபேதியோடு எங்கள் மேசைக்கு வருகின்றன. பதிவு எண், தாயின் முழங்கால் சிப்பி விலகுமா, தடுப்பூசி அட்டையில் மருத்துவரின் கையெழுத்து, எந்த உணவு எத்தனை வேளை. இந்த நான்கையும் கேளுங்கள். "போட்டோ அனுப்புறேன், பணம் போடுங்க, குட்டி வீட்டுக்கே வந்துடும்" என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.