விழுகிறவரின் கை எங்கே போகிறது?

2002 ஜூன் 3. தென்கொரியாவின் உல்சான் மைதானத்தில் பிரேசில் – துருக்கி கால்பந்து உலகக்கோப்பை ஆட்டம் முடியும் தறுவாய். 2–1 என்று முன்னிலையில் இருக்கும் பிரேசிலுக்கு ஒரு கார்னர். ரிவால்டோ மூலைக்கொடியருகே ஆற அமர நிற்கிறார். எரிச்சலில் இருந்த துருக்கி வீரர் ஹகன் உன்சால் பந்தை அவரை நோக்கி ஓங்கி உதைக்கிறார். பந்து படுவது காலில். ரிவால்டோ பொத்திக்கொண்டு விழுவதோ முகத்தை! உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை; ஆளை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு ரிவால்டோவுக்கு ஃபிஃபா அபராதம் போட்டது. ஒரு ஆட்டத்துக்குக்கூடத் தடை இல்லை.

நடுவரை ஏமாற்ற இப்படி விழுந்து நடிப்பதைத்தான் ‘டைவ்’ என்பார்கள். எல்லா டைவும் இவ்வளவு அப்பட்டமாக இருப்பதில்லை. ஓடுகிற வேகத்தில் இரண்டு கால்கள் உரசுகின்றன, ஒருவர் விழுகிறார். தட்டிவிட்டதால் விழுந்தாரா, தானே விழுந்தாரா? இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக உளவியலாளர் பால் மாரிஸும் டேவிட் லூயிஸும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். வீடியோ துண்டுகளைப் போட்டுக்காட்டியபோது, நடிப்பு எது என்பதில் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். அப்படியானால் விழுகிற உடம்பில் ஏதோ அடையாளம் இருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் கண்டது நான்கு. இடி பட்டதற்கும் விழுந்ததற்கும் நடுவே பொருந்தாத இடைவெளி. தள்ளிய திசை ஒன்று, உடம்பு போகும் திசை வேறு. பட்ட இடம் ஒன்று, பிடித்துக்கொள்ளும் இடம் வேறு. ரிவால்டோ செய்தது இதுதான். நான்காவதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘வில்லாளியின் வில்’. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அதைப் புரிந்துகொள்ள, நிஜமாக விழும்போது நடப்பதை முதலில் பார்ப்போம். ஒரு முன்கள வீரர் நொடிக்கு ஏழெட்டு மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். குறுக்கே வந்த கால் தட்டியதும் அவருடைய பாதம் சட்டென்று நின்றுவிடுகிறது. மேலுடம்புக்கு அது தெரியாது. அது பழைய வேகத்திலேயே போகிறது. கால் பின்தங்க, தலை முந்த, உடம்பு முன்பக்கமாகச் சுழல்கிறது. தரையைத் தொட ஒரு நொடிகூட ஆகாது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு மூளைக்குச் சேதி சொல்ல, யோசனைக்கு இடமே இல்லாமல் கைகள் முன்னால் பாய்கின்றன. அல்லது நிலைதடுமாறாமல் இருக்கப் பக்கவாட்டில் வீசுகின்றன. முகம் தரையில் மோதாமல் காப்பதுதான் அந்தக் கைகளின் வேலை. அந்த வேலையில் மணிக்கட்டு முறிந்தாலும் சரி.

இது யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. எட்டு, ஒன்பது மாதக் குழந்தையைக் குப்புறத் தூக்கிப் பிடித்து மெத்தையை நோக்கிச் சட்டென்று சாய்த்தால், இரண்டு கைகளையும் விரித்து முன்னால் நீட்டும். மருத்துவர்கள் இதைப் பாராசூட் அனிச்சைச் செயல் என்பார்கள். ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது.

இப்போது அந்த வில். கைகள் இரண்டும் தலைக்கு மேலே, உள்ளங்கை விரிந்து. மார்பு முன்னே தள்ளியிருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், முழங்கால் மடங்கியிருக்கும். நாணேற்றிய வில் மாதிரி உடம்பே வளைந்து நிற்கும். விழும் உடம்புக்கு இதனால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. தரையில் ஊன்ற வேண்டிய கை ஆகாயத்தில் இருக்கிறது! பிறகு ஏன் தூக்குகிறார்கள்? நடுவர் இருபது மீட்டர் தள்ளி நிற்கிறார். கணுக்காலில் நடந்தது அவர் கண்ணுக்குத் தெரியாது. உயர்ந்த கைகள் தெரியும். சினிமாவில் குண்டடி பட்டவர் விழுவதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டுமே.

ஏமாற்று, கேட்பவர் நம்பும்வரைதான் செல்லும். உப்புக்கொத்திப் பறவை, கூட்டை நெருங்கும் எதிரியைத் திசைதிருப்ப இறக்கை ஒடிந்தது போல நொண்டிக் காட்டும். எதிரி ஏமாந்தால்தான் குஞ்சு பிழைக்கும். இதே கோணத்தில் டைவைப் பார்த்தது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் உயிரியல் குழு ஒன்று. 2011இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 2,800க்கும் மேற்பட்ட விழுதல்களை அலசினார்கள். அப்பட்டமான டைவ் என்று தேறியது சுமார் 6 சதவீதம்தான். ஆட்டம் சமநிலையில் இருக்கும்போதும் எதிரணி கோலுக்குப் பக்கத்திலும் டைவ் கூடியது. எந்த லீகில் நடுவர்கள் அதிகம் ஏமாந்தார்களோ, அங்கே டைவும் அதிகம். வீரர்களின் யோக்கியதையைவிட நடுவர்களின் விசில்தான் இதைத் தீர்மானிக்கிறது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். கணக்கும் எளிது: எதிரணி கோலுக்குப் பக்கத்தில் விழுந்து வாங்கும் பெனால்டி நான்கில் மூன்று கோலாகிவிடும், மாட்டிக்கொண்டால் ஒரு மஞ்சள் அட்டை. இன்னொரு பக்கமும் உண்டு. நிஜமாகவே இடிபட்டும் விழாமல் தாக்குப்பிடித்து ஓடுபவருக்குப் பெரும்பாலும் விசில் ஊதுவதில்லை.

இடிக்க வருபவரைக் கண்டு முன்கூட்டியே துள்ளி விலகுவதும் நியாயம்தான்; கால் தப்ப வேண்டுமே. 1995இல் ஜெர்மனி வீரர் ஆண்ட்ரியாஸ் மோலர் இந்த நியாயத்தையே கேடயமாக்கினார். கார்ல்ஸ்ரூவே அணிக்கு எதிராக, யாருமே தொடாமல் விழுந்து பெனால்டி வாங்கிவிட்டு, அது ‘தற்காப்பு டைவ்’ என்றார். இரண்டு ஆட்டத் தடை கிடைத்தது.

வீடியோ நடுவர் வந்ததும் நடிப்பு எடுபடாது என்று நினைத்தோம். ஓரளவு உண்மை. ஆனால் வேகத்தைக் குறைத்துக் காட்டினால் கண்ணும் ஏமாறும். ஐரோப்பாவின் 88 முன்னணி நடுவர்களை வைத்து நடந்த சோதனை ஒன்றில், அதே மோதலை ஸ்லோ மோஷனில் பார்த்தவர்கள் கூடுதல் கடுமையான தண்டனை கொடுத்தார்கள். இடைவெளி, வேகம் இரண்டும் நடிப்பைக் காட்டிக்கொடுப்பவை; ஸ்லோ மோஷன் சிதைப்பது அவற்றைத்தான். கை எங்கே போனது என்பதை மட்டும் எந்த வேகத்திலும் பார்க்கலாம்.

2018 உலகக்கோப்பை, பிரேசில் – கோஸ்டாரிகா. தடுப்பாட்டக்காரர் லேசாகத் தொட்டதும் நெய்மார் இரு கைகளையும் விரித்துப் பின்னால் சாய்ந்தார். நடுவர் பியோர்ன் கைப்பர்ஸ் பெனால்டி கொடுத்தார். பிறகு திரையில் பார்த்து ரத்து செய்தார். டைவுக்காக அட்டை காட்டவில்லை. அட்டை வந்தது சில நிமிடம் கழித்து, ஆத்திரத்தில் பந்தைக் கையால் குத்தியதற்கு. 97ஆவது நிமிடம் நெய்மாரே பிரேசிலின் இரண்டாவது கோலை அடித்தார். இறுதி விசில் ஊதியதும் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு அழுதார், முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு.