மலையோடு நடந்த கண்

ஃபான் செங்தா சீனாவின் சூச்சோ நகரில் 1126-இல் பிறந்தவர். கவிஞர், அரசு அதிகாரி, ஓயாத பயணி. 1173-இல் தென்சீனத்தின் குயிலின் நகருக்கு ஆளுநராகப் போய்ச் சேர்ந்தார். சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் அந்த ஊர் மலைகளை உள்ளபடியே வரைந்து, சொந்த ஊர் நண்பர்களுக்கு அனுப்பினார். அனேகமாக யாருமே அதை நம்பவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இன்றும் பலர் சீன நிலக்காட்சி ஓவியத்தை நம்புவதில்லை. ஊசிபோன்ற சிகரங்கள், அந்தரத்தில் மிதக்கும் மலையுச்சி, எங்கிருந்து பார்க்கிறோம் என்றே தெரியாத பார்வை ஆகியவற்றைக் கண்டு, அழகான கற்பனை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊர் ஊராக நடந்து பார்த்த ஓவியர்களின் கூர்மையான கவனிப்பு அந்த ஓவியங்களில் இருக்கிறது. அவர்கள் கண்டதைப் பாறையியலும் ஒளியியலும் இன்று விளக்குகின்றன.

முதலில் மலைகள். குயிலின் பகுதி முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழமற்ற கடலாக இருந்தது. கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து கெட்டியான சுண்ணாம்புப் பாறை ஆயின. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த நீர் செங்குத்து விரிசல்களில் இறங்கிப் பாறையைக் கரைத்துக்கொண்டே போகிறது. விரிசல்கள் அகன்று பள்ளத்தாக்குகளாக, இடையில் எஞ்சியவை கோபுரங்களாக நிற்கின்றன. சீனாவின் 20 யுவான் நோட்டின் பின்புறத்தில் லீ ஆற்றங்கரையில் இருப்பவை இந்த மலைகள்தான்.

அன்ஹுய் மாகாணத்தின் ஹுவாங்ஷான் மலையின் கதை வேறு. அது கிரானைட். பூமிக்கடியில் பாறைக்குழம்பாக இருந்து குளிர்ந்து, பின்னர் மேலெழுந்து, மேலிருந்த சுமை அரிபட்டுப் போனதும் நெடுக்குவாட்டில் பிளந்தது. பிளவுகளில் நீர் புகுந்து உறைந்து விரிய, பாறை பலகை பலகையாகப் பெயர்ந்து விழுகிறது. மண்ணே இல்லாத அந்த வெடிப்புகளில் பைன் மரங்கள் வேர்விட்டு, பக்கவாட்டில் வளைந்து நிற்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் இங்கு ஏறித் திரிந்த ஷிதாவின் ஓவியங்களில் உள்ள கோணல் மரங்களுக்கு மாதிரி இங்கேயே இருந்தது.

பாறைக்கு ஏற்பத் தூரிகையும் மாறியது. வடக்கில் வாழ்ந்த ஃபான் குவான் வறண்ட செங்குத்துப் பாறைமுகங்களை மழைத்துளி விழுந்ததுபோன்ற குட்டைப் புள்ளிகளால் நிரப்பினார். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே மண்மூடிய, பசுமையான, உருண்ட குன்றுகளைப் பார்த்த தோங் யுவான், நார் பிரித்ததுபோல நீளமான தளர்ந்த கோடுகளை இழுத்தார். கோணல்மாணலாக உடையும் பாறைகளுக்கு லீ தாங் தூரிகையைச் சாய்த்துப் பிடித்து, அதன் பக்கவாட்டால் வெட்டுவதுபோல் தீற்றினார். பின்னால் வந்தவர்கள் இவற்றை வாய்பாடாக மனப்பாடம் செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் தொடக்கத்தில் இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நிலத்தைப் பார்த்துப் பிறந்தவை.

இனி காற்று. என் கணக்கில் இந்த ஓவியர்களின் பெருஞ்சாதனை இதில்தான்.

தெளிந்த காற்றில் தொலைதூர மலை நீலமாகத் தெரியும். காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. சிவப்பைவிட நீலத்தை அதிகம் சிதறடிக்கும். மூடுபனியின் நீர்த்துளிகளோ அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் பனி வெண்மையாகத் தெரிகிறது. அதாவது, ஈரப்பதம் மிகுந்த மலைநாட்டில் தொலைவு என்பது நீலமாவது அல்ல, வெளுத்துப்போவது. அதைக் காட்ட ஒரே ஒரு கரிய மையும் வரையாமல் விட்ட பட்டுத்துணியும் போதும்.

அந்த மையும் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. பைன் மரத்தை எரித்த புகைக்கரியை விலங்குப் பசையோடு பிசைந்து உலர்த்திய கட்டி அது. கல்லில் நீர்விட்டு உரைத்தால், பசை பூசிய நுண்ணிய கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நீரில் பரவி நிற்கும். எவ்வளவு நீர் சேர்த்தாலும் திரியாமல் சீராக வெளுக்கும். மூடுபனியும் விகிதக் கணக்கில்தான் இயங்குகிறது. நூறு மீட்டர் பனி ஒரு மலைக்கும் அதன் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாதியாக்கினால், அடுத்த நூறு மீட்டர் மிச்சத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும். முதல் மலைவரிசைக்கு அடர்ந்த மை, அடுத்ததற்கு அதில் சரிபாதி நீர், அதற்கடுத்ததற்கு இன்னும் பாதி என்று ஓவியர் கலக்கும்போது, பனி செய்வதையே அவர் கை கிண்ணத்தில் செய்கிறது.

இரவில் குளிர்ந்த காற்று கனம் கூடிப் பள்ளத்தாக்கில் இறங்குவதால் காலையில் பனி அடிவாரத்தில் தேங்குகிறது. மலையின் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரிவதில்லை. இதை ஃபான் குவான் பயன்படுத்திய விதம் அசரவைக்கிறது. தாய்பெயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ஓவியம் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். கீழே வலப்பக்கம் சுமை ஏற்றிய கோவேறு கழுதைகளோடு வழிப்போக்கர்கள், தேடினால்தான் கண்ணில் படும் அளவு சிறியவர்கள். மேலே, ஓவியத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு ஒற்றைப் பாறைமலை. இரண்டுக்கும் நடுவே ஒரு வெண்பனிப் பட்டை. ஒரு பொருள் கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதோடு அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே மூளை அதன் அளவை முடிவு செய்கிறது. தொலைவைச் சொல்லும் தரை பனியில் மறைந்துவிட்டது. மூளை தொலைவைக் கூட்டிக்கொள்கிறது. மலையும் கூடவே வளர்கிறது.

மூடுபனி இன்னொரு வேலையும் செய்கிறது. பதினோராம் நூற்றாண்டு ஓவியர் குவோ ஷி, மலையில் மூன்று தொலைவுகள் உண்டு என்றார்: அடியில் நின்று உச்சியை அண்ணாந்து பார்ப்பது, முன்மலையிலிருந்து பின்மலைகளுக்குள் ஊடுருவிப் பார்ப்பது, அருகிலிருந்து அடிவானம் வரை சமமாகப் பார்ப்பது. 1072-இல் அவர் வரைந்த வசந்தத் தொடக்கக் காட்சியில் மூன்றும் ஒரே பட்டில் இருக்கின்றன. மூன்று வெவ்வேறு நிலைகளிலிருந்து கண்டவை சேரும் இடங்களில் பனி படர்ந்திருப்பதால் ஒட்டுப்போட்ட தடமே தெரிவதில்லை.

இது பிழை அல்லவா என்று கேட்கலாம். கண்ணின் அமைப்பைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. விழித்திரையின் மையக்குழி மட்டுமே கூர்மையாகப் பார்க்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் அது அடைக்கும் இடத்தைப் போல ஓரிரு மடங்கு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல். கண் நொடிக்கு மூன்று முறை இடம்விட்டு இடம் தாவுகிறது. துண்டுகளை மூளை ஒன்றாக்கிக் காட்சியாகத் தருகிறது. ஒற்றைக் கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தி, கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் குவியும்படி வரையும் ஐரோப்பிய முறை, கேமராவின் பார்வைக்கு நெருக்கமானது. நடப்பவரின் பார்வைக்குச் சீன முறைதான் நெருக்கம் என்பது என் கருத்து.

நகரத்தை வரைந்தபோது இது இன்னும் தெளிவாகிறது. ஜாங் செதுவான் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த கைஃபெங் நகரச் சுருள் ஓவியம் 24.8 சென்டிமீட்டர் உயரம், 5 மீட்டருக்கு மேல் நீளம். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் தூணே இல்லாமல், மரச்சட்டங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கட்டிய வளைவுப் பாலம். அதன் அடியில் நுழையப் போகும் படகின் பாய்மரம் இன்னும் முழுதாகச் சாயவில்லை. படகோட்டிகள் பதறுகிறார்கள், பாலத்தின் கைப்பிடியில் கூட்டம் எட்டிப் பார்த்துக் கை நீட்டுகிறது, அந்த நெரிசலிலேயே பாலத்தின் மேல் கடைகள் விரித்திருக்கிறார்கள். இங்கே தெருக்களும் கூரைகளும் ஒரு புள்ளியில் குவிவதில்லை. இணைகோடுகள் இணையாகவே சாய்ந்து ஓடுகின்றன. குவியும் புள்ளி ஒன்றை வைத்திருந்தால், அதைத் தாண்டிச் சுருளை விரித்ததுமே வீடுகள் எல்லாம் எதிர்ப்பக்கம் சரிந்திருக்கும். இணைகோடுகள் இருப்பதால் எந்த இடத்தில் நிறுத்தினாலும் காட்சி சரியாக நிற்கிறது.

இத்தகைய சுருளைச் சுவரில் மாட்டிப் பார்ப்பது வழக்கமே இல்லை. மேசையில் வைத்து, இடக்கையால் அவிழ்த்து வலக்கையால் சுற்றிக்கொண்டே, ஒரு கை நீள அளவுக்குப் பார்ப்பார்கள். ஊருக்கு வெளியே வயல்வெளியில் தொடங்கி, ஆற்றோடு நடந்து, பாலத்தைக் கடந்து, நகர வாயிலுக்குள் நுழைவீர்கள். கண்ணாடிப் பேழைக்குள் முழுநீளமும் விரித்து வைக்கும்போது இந்த நடை காணாமல் போய்விடுகிறது. இணையத்தில் அந்தச் சுருளின் துல்லியமான படங்கள் கிடைக்கின்றன. ஒன்றைத் திறந்து, அதன் உயரம் திரையை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்கி, வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள்.