விற்ற காரில் தங்கிவிட்ட அப்பா

பழைய கார் வாங்கிய வாடிக்கையாளர் ஒருவர் அதன் திரையைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். தொடர்புப் பட்டியலைத் தொட்டதும் காரை விற்றவருடைய அப்பா, பால்காரர், வங்கி மேலாளர் எல்லோரும் வரிசையாக வந்து நின்றார்கள். மனிதர் சாவியோடு சொந்தபந்தத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்!

20 ஆண்டுகளுக்கு மேலாகக் கைபேசி பழுது பார்க்கிறேன். அன்று அகச்சிவப்புக் கதிரில் ஒரு படம் அனுப்ப வேண்டுமானால் இரண்டு பேசிகளையும் மூக்கோடு மூக்கு வைத்து, கை ஆடாமல் காத்திருப்போம். அந்தத் தொல்லையை ஒழித்தது புளூடூத். 1994இல் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய வேலை அது. பெயர் மட்டும் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஒருவருடையது.

அதன் தொடக்க காலப் பூட்டுகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெரும்பாலான ஹெட்செட்டுகளுக்கு ஒரே கடவு எண், 0000. 2004இல் கேபிர் என்ற புழு (தானாகப் பரவும் தீய நிரல்), சிம்பியன் என்ற இயங்குதளம் கொண்ட அன்றைய பேசிகளில் புளூடூத் வழியே பரவியது. அது பூட்டை உடைக்கவில்லை, அனுமதிதான் கேட்டது. ‘வேண்டாம்’ என்றால் மறுபடி கேட்டது. சலித்துப்போய் ‘சரி’ என்றவர்கள் மாட்டினார்கள்.

2007இல் வந்த புளூடூத் 2.1 பதிப்பு நிலைமையை மாற்றியது. இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் தோன்றும். ஒன்றாக இருந்தால் மட்டும் இணைக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பவரை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். 2010இல் வந்த 4.0 மின்சாரச் செலவைக் குறைத்தது. அதனால்தான் கைப்பட்டை, எடை பார்க்கும் கருவி, சர்க்கரை அளக்கும் கருவி என்று எல்லாமே இன்று பேசியோடு பேசுகின்றன.

ஆண்ட்ராய்டு பேசியைக் காரோடு புளூடூத்தில் இணைக்கும்போது, எண்ணுக்குக் கீழே ‘தொடர்புகளையும் அழைப்பு விவரங்களையும் அணுக அனுமதி’ என்று ஒரு சிறு கட்டம் வரும். கார் உங்கள் பட்டியலை நகலெடுப்பது அந்த வழியாகத்தான். வாடகைக் காரில் அந்தக் கட்டத்தில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாட்டு எப்படியும் கேட்கும். சொந்தக் காரை விற்கும்போது பேசியில் இணைப்பை நீக்கினால் போதாது. காரின் அமைப்புகளுக்குள் போய் அங்கேயும் அழிக்க வேண்டும்.

வாடிக்கையாளரிடம் அழிக்கும் இடத்தைக் காட்டினேன். “விற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா?” என்றார். அவருடைய எண் இருக்கிறதா என்று கேட்டேன்.

“இல்லை, புரோக்கர் வழியாக வாங்கியது. ஆனால் அவர் அப்பா எண்தான் இங்கே இருக்கிறதே?”

முதலில் அழியுங்கள் என்றேன்.