சொல் விளக்கம்: தரவு

மதுரையில் ‘டேட்டா’ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, மாதக் கடைசியில் தீர்ந்துபோகும் நெட் பேக். புள்ளியியல்காரர்களுக்கோ அது கணக்குப் போடுமுன் கையில் இருக்கும் பதிவுகள். தமிழில் தரவு.

மூலம் லத்தீன். ‘டேட்டம்’ ஒருமை, ‘டேட்டா’ பன்மை, பொருள் ‘கொடுக்கப்பட்டது’. பள்ளிக்கூட ஜியாமெட்ரியில் ‘கொடுக்கப்பட்டவை’ என்று முதல் வரி எழுதுவோமே, அதேதான். தமிழிலும் தா, தரு என்ற வேரிலிருந்தே தரவு வருகிறது. புதிதாகச் செய்த சொல்லும் இல்லை. கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்றுதான் பெயர். பழைய சொல்லுக்குப் புது வேலை கொடுத்திருக்கிறோம், பொருத்தமாகவே.

புள்ளிவிவரம் வேறு. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டில் வீட்டுக்கு வீடு எழுதிய பெயரும் தொகையும் தரவு. மொத்தம் எத்தனை தலைக்கட்டு, பாக்கி எவ்வளவு என்று கூட்டிச் சொன்னால் அது புள்ளிவிவரம். பத்திரிகைகளில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

இப்போது சிக்கல் வேறு பக்கம். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகரில் சுமார் 10.17 லட்சம் பேர், சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்தால் சுமார் 14.65 லட்சம். வாசலுக்கு வந்தவர் கேட்க, வீட்டார் சொன்ன கணக்கு அது. அடுத்தது 2027இல்தான். அதற்குள் ஒத்தக்கடைப் பக்கம் எவ்வளவு வளர்ந்தது என்று அறிய, செயற்கைக்கோள் பிடித்த இரவு வெளிச்சம், செல்போன் கோபுரப் பதிவு, மின் இணைப்பு என்று தேடுகிறார்கள். இவற்றை யாரும் கணக்குக்கென்று தரவில்லை. வேறு வேலைக்காக விழுந்த தடம். அதனால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இரவு வெளிச்சப் படத்தில் ஒரு கட்டத்தின் (பிக்சல்) பக்கம் ஏறத்தாழ அரை கிலோமீட்டர். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் விடிய விடிய எரியும், அங்கே யார் குடியிருக்கிறார்கள்? அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் செல்போன் கோபுரம் எண்ணுவது சிம் கார்டுகளை. இரண்டு சிம் வைத்திருப்பவர் இரண்டாகிவிடுவார், அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கணக்கிலேயே வராது. இதைச் சரிசெய்ய, ஒரு பகுதியில் மட்டும் நேரில் எண்ணிப் பார்த்து ஒப்பிடுவார்கள். பழைய முறை ஒழிந்துவிடவில்லை.

இவற்றுக்குப் ‘புதிய தரவு மூலங்கள்’ என்ற பெயர் போதும். அளவில் மிகப் பெரியதாக இருந்தால் பெருந்தரவு. ‘தரவுகள்’ என்று பன்மையில் எழுதலாமா? எழுதலாம். ‘டேட்டாக்கள்’ மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே பன்மை.