பகிர்ந்தவர் தூங்கிவிடுவார்

இணையத்தில் மானம் போய்விட்டதென்று என்னிடம் உளவளத்துணைக்கு வருபவர்கள், முன்பின் தெரியாதவர்கள் திட்டியதைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. தெரிந்தவர்கள் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் அவர்களைக் குடைகிறது. யாழ்ப்பாணத்தில் இதற்கு நேரமெடுக்காது. திருநெல்வேலிச் சந்தையடியில் எடுத்த வீடியோ இரவுக்குள் ஊர் வட்ஸ்அப் குழுவால் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போய்விடும். விடியப்புறம் அங்கிருந்து வீட்டுக்குப் போன் வரும்: "தம்பி என்ன செய்தவன்?"

அடையாளங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். கடையில் நின்ற பெடியன் ஒருவன் வயதானவரைப் பார்த்துக் கத்தும் வீடியோ அது. கத்தியது உண்மை. அதற்கு முன் நடந்ததை வெட்டியிருந்தார்கள். மறுநாளே முதலாளி அவனை வேலையால் நிறுத்தினார். யாரோ கொமென்றில் அவன் படித்த பள்ளிக்கூடத்தையும் தகப்பன் பெயரையும் போட்டார்கள். அக்காவுக்குப் பேசிவந்த சம்பந்தம் 'பிறகு பார்ப்பம்' என்று நின்றது. தகப்பன் அந்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கே போகவில்லை. என் முன்னால் இருந்தும் அவன் போனைத் தடவிக்கொண்டே இருந்தான். ஏன் என்று கேட்டேன். "ஆராவது எனக்காகக் கதைச்சிருப்பினமோ எண்டு பாக்கிறன்."

முதல் இரண்டு மூன்று நாள்கள்தான் மிக மோசம். அப்போது பதில் போடாதீர்கள். நீங்கள் சொல்லும் விளக்கத்தையே வெட்டி இன்னொரு வீடியோ போடுவார்கள். ஸ்கிரீன்ஷொட், லிங்க், திகதி எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவர் எடுத்து வைக்கட்டும். போனும் அவரிடமே இருக்கட்டும். வீட்டார் "ஏன் செய்தனி?" என்று தொடங்காமல் "சாப்பிட்டனியோ?" என்று கேளுங்கள். நித்திரை கெட்டு, 'இனி இருந்து என்ன' என்ற கதை வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

சட்டமும் இருக்கிறது. ஒருவரின் அந்தரங்க விவரங்களை வெளியிட்டுத் தொல்லை கொடுப்பதை 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் சட்டம் என்ற விமர்சனம் அதன்மேல் பலமாக உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் வீட்டு முகவரியைப் போடுவதைக் கருத்துச் சுதந்திரம் என்று என்னால் ஏற்க முடியாது.

சரி, அநியாயத்தைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? இல்லை. 2017 இல் மீடூ என்று பெண்கள் தமக்கு நடந்த பாலியல் தொல்லைகளைப் பொதுவெளியில் பேசியிராவிட்டால் பல பெரிய மனிதர்கள் இன்னும் பெரிய மனிதர்களாகவே இருந்திருப்பார்கள். முறைப்பாடு எடுபடாத இடத்தில், அதிகாரம் உள்ளவருக்கு எதிராகப் பேசுவது வேறு. நாள்சம்பளத்துக்கு நிற்கும் பெடியனை ஊர் சேர்ந்து அடிப்பது வேறு. கடையில் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற எண்ணில் சொல்லலாம். அதற்கு எவருடைய முகமும் தேவையில்லை.

நீங்கள் பகிர்ந்தது பிழையென்று பிறகு தெரிந்தால், சத்தமில்லாமல் அழித்துவிட்டு இருக்காதீர்கள். அதன் பிரதிகள் ஏற்கெனவே போய்விட்டன. எந்தக் குழுவில் போட்டீர்களோ அதே குழுவில், உங்கள் பெயரிலேயே, அது பிழை என்று எழுதுங்கள்.