‘டிரைவ்ல தான் சார் இருந்துச்சு’

‘ஃபைல் எல்லாம் காணோம் சார்’ என்று இந்த வருடத்தில் எனக்கு வந்த நான்காவது போன் கால் இது. மூன்றாவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் சிஸ்டம் அட்மின். எங்கள் மூடில் தளம் (பாடம், அசைன்மென்ட், ஆன்லைன் டெஸ்ட் எல்லாம் நடக்கும் மென்பொருள்), சர்வர், வைஃபை, முதல்வர் அறை பிரிண்டர் வரை எல்லாம் என் தலையில்தான். பக்கத்துக் கல்லூரிகளில் ஏதாவது கவிழ்ந்தால் பழக்கத்துக்காகப் போய்ப் பார்ப்பேன். அப்படி ஜூலை 7 அன்று ஒரு துறைத் தலைவர் கூப்பிட்டார். “சார், எல்லாம் டிரைவ்ல தான் சார் இருந்துச்சு, இன்னைக்கு ஓபன் பண்ணா ஒண்ணுமே இல்ல.”

நடந்தது இதுதான். அந்தத் துறையில் ஆறு வருடம் வேலை பார்த்த ஒரு மேடம் மே மாதம் ரிலீவ் ஆகிவிட்டார். பாடக் குறிப்புகள், கோவிட் சமயத்தில் எடுத்த வகுப்பு வீடியோக்கள், கேள்வி வங்கி, நான்கு பேட்ச்சின் இன்டர்னல் மார்க் ஷீட் எல்லாம் கல்லூரி அவருக்குக் கொடுத்த கூகுள் அக்கவுண்ட்டின் டிரைவில்தான் இருந்தன. ஜூன் 3 அன்று அலுவலகத்தில் யாரோ ‘வேலையை விட்டுப் போனவர்கள்’ பட்டியலை எடுத்து வரிசையாக டெலிட் அடித்திருக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் இடம் தந்த கூகுள், 2022 ஜூலையிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு அடிப்படையாக மொத்தம் 100 டெராபைட் என்று கணக்கு வைத்துவிட்டது. அதற்கப்புறம் எல்லாக் கல்லூரியிலும் ‘க்ளீன் பண்ணுங்க’ என்ற சுற்றறிக்கைதான்.

அழித்த அக்கவுண்ட்டை அட்மின் 20 நாளைக்குள் மீட்கலாம். எனக்குப் போன் வந்தது 34ஆம் நாள்.

“ஆனா சார், எங்க எல்லாருக்கும் அந்த ஃபைல் தெரிஞ்சுதே, நாங்க தினமும் ஓபன் பண்ணிட்டுதானே இருந்தோம்” என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்காத கல்லூரி இல்லை. தயவுசெய்து இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஒரு ஃபைல் உங்கள் திரையில் தெரிவதும் அது உங்களிடம் இருப்பதும் வேறு வேறு. பக்கத்து வீட்டு டிவியை உங்கள் ஜன்னல் வழியாக நீங்களும் பார்க்கலாம். அவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது டிவியும் லாரியில் ஏறிவிடும். ‘ஷேர்டு வித் மீ’ என்ற பக்கத்தில் நீங்கள் பார்ப்பதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான். ஃபைல் அதன் ஓனருடையது. எடிட் செய்யும் உரிமை இருந்தாலும், அதில் பாதியை நீங்களே டைப் அடித்திருந்தாலும், அதுதான் நிலவரம். ‘ஷேர்டு டிரைவ்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது, பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் போடும் ஃபைல் நிறுவனத்துக்குச் சொந்தம், யார் போனாலும் ஃபைல் இருக்கும். துறைக்கு ஒன்று திறக்க ஐந்து நிமிடம் கூட ஆகாது. உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் அட்மினிடம் கேளுங்கள், அட்மினே நீங்கள்தான் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் திரும்பவும் போன். குரலே மாறியிருந்தது. “சார், ஒரு ஹார்டு டிஸ்க் கிடைச்சிருக்கு! மேடம் போறதுக்கு முன்னாடி டிரைவ் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி வச்சிருக்காங்க.” எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. மறுநாள் நேரில் போனேன். ஃபோல்டர்கள் எல்லாம் அழகாகப் பெயரிட்டு, செமஸ்டர் வாரியாக, பேட்ச் வாரியாக இருந்தன. இன்டர்னல் மார்க் என்ற ஃபோல்டரைத் திறந்தால் நான்கு ஃபைல், ஒவ்வொன்றின் அளவும் 1 கேபி. துறைத் தலைவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்கு பாருங்க சார்” என்றார். கிளிக் செய்தேன். பிரவுசர் திறந்தது, அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றது.

டிரைவ் செயலியைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது. வேர்டு, எக்செல், பிடிஎஃப் என்று நீங்கள் மேலேற்றியவை உண்மையான ஃபைலாக இறங்கும். கூகுள் ஷீட், கூகுள் டாக் இரண்டும் அப்படி இறங்காது. அந்த 1 கேபி ஃபைலுக்குள் இருப்பது வெறும் முகவரி. ஒரு மாணவனின் மார்க் கூட அதில் இருக்காது. ஷீட்டை எக்செல்லாக டவுன்லோட் செய்தால் மட்டுமே அது உங்கள் கைக்கு வரும். அந்த மேடம் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார், அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு பக்கம் ‘சிங்க் ஆகுதே’ கோஷ்டி, அதாவது கம்ப்யூட்டரில் செய்யும் மாற்றம் தானாகவே டிரைவுக்கும் போகிறதே என்பவர்கள். சிங்க் ஆவதால்தான் பயமே. கம்ப்யூட்டரில் அழித்தால் டிரைவிலும் அழியும், தவறான மார்க்கைப் போட்டு சேவ் செய்தால் அங்கேயும் தவறான மார்க். டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் தாங்கும், சரி. ஆனால் நவம்பரில் அழிந்ததை ஏப்ரலில் பிராக்டிகல் சமயத்தில்தானே தேடுகிறோம்!

மூடில் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் கதை இன்னும் மோசம். பாடத்துக்குப் பாடம் தானாகவே பேக்கப் (பத்திரத்துக்கு வைக்கும் நகல்) எடுக்கும் வசதியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். அந்த பேக்கப் ஃபைல் எங்கே போய் உட்காருகிறது என்று என்றைக்காவது பார்த்தீர்களா? நீங்கள் மாற்றி அமைக்கவில்லையென்றால் அதே சர்வரில், அதே டிஸ்க்கில். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். போகாவிட்டாலும், அந்த பேக்கப்புகளே டிஸ்க்கை நிரப்பி, ஆன்லைன் டெஸ்ட் நடக்கும்போது தளத்தைக் கவிழ்க்கும். எங்கள் கல்லூரியிலேயே ஒரு முறை நடந்திருக்கிறது, நான்தான் காரணம்.

மூடிலில் மூன்று விஷயம் சேர்ந்தால்தான் முழு பேக்கப்: விவரங்கள் எல்லாம் பதிவாகும் டேட்டாபேஸ், அப்லோட் செய்த ஃபைல்கள் இருக்கும் மூடில்டேட்டா என்ற ஃபோல்டர், அப்புறம் மென்பொருள் கோடும் அதன் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலும். ‘ஃபைல் எல்லாம் இருந்தா போதும் சார்’ என்று மூடில்டேட்டாவை மட்டும் காப்பி எடுத்து வைத்திருந்த ஒரு கல்லூரிக்கு இரண்டு வருடம் முன் போயிருந்தேன். மூடில் ஒரு ஃபைலை அதன் சொந்தப் பெயரில் சேமிப்பதில்லை. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நாற்பது எழுத்து, எண் கலந்த ஒரு பெயரில், எக்ஸ்டென்ஷன் கூட இல்லாமல் வைக்கும். எது யாருடையது என்ற விவரம் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. அந்த டேட்டாபேஸ் இல்லை. ஆயிரக்கணக்கில் பெயரில்லாத ஃபைல். இரண்டு லேப் அசிஸ்டென்ட் தம்பிகள் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, முதல் பக்கத்தில் ரெஜிஸ்டர் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து அசைன்மென்ட்டுகளைப் பிரித்தார்கள். பல மாணவர்கள் முதல் பக்கத்தில் நம்பரே எழுதவில்லை.

பாட பேக்கப் எடுக்கும்போது ‘பதிவு செய்த பயனர்கள்’ என்ற டிக்கை எடுத்துவிட்டால் பாடம் வரும், மாணவர் வரமாட்டார், மார்க்கும் வராது. அடுத்த பேட்ச்சுக்குப் பாடத்தை மட்டும் கொண்டுபோக அது சரி, ரெக்கார்டாக வைத்துக்கொள்ள உதவாது. இரண்டையும் தனித்தனியாக எடுங்கள்.

‘எங்க சர்வர்ல ரெய்டு இருக்கு’ (ஒரு டிஸ்க் பழுதானாலும் சர்வர் ஓடும்படி பல டிஸ்க்கைச் சேர்த்து வைக்கும் ஏற்பாடு) என்று சொல்பவர்களிடம், அது பேக்கப் ஆகாது என்று நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? மூன்று பிரதி, இரண்டு விதமான இடம், அதில் ஒன்று வேறு கட்டிடத்தில். பழைய கணக்குதான். வேறு கட்டிடம் என்றால் நிஜமாகவே வேறு. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். நம் ஊரில் தீ வேண்டியதில்லை, தரைத்தளத்து சர்வர் ரூமும் ஒரு டிசம்பர் மழையும் போதும். பேக்கப் எடுத்து முடித்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். பென் டிரைவை பேக்கப் என்று என்னிடம் சொல்லாதீர்கள். ஆதார் நகல், போன் நம்பர், சாதிச் சான்றிதழ் உள்ள ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்யாமல் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே வந்தாகிவிட்டது. அந்தப் பாஸ்வேர்டு ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கவும் கூடாது. வேலையை விடுபவர் அக்கவுண்ட்டை உடனே டெலிட் செய்யாதீர்கள், சஸ்பெண்ட் செய்யுங்கள், டேட்டா அப்படியே இருக்கும். அவர் ஃபைல்களையும் கூகுள் கிளாஸ்ரூம் வகுப்புகளையும் இன்னொருவர் பெயருக்கு மாற்றிய பிறகு டெலிட்டைப் பற்றி யோசிக்கலாம்.

இதெல்லாம் செய்தாலும், ஒரு முறையாவது பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்து, அதாவது எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட்டில் (சின்ன நிரல்) செய்த ஒரு மாற்றமே சுமார் 77 டெராபைட் ஆராய்ச்சித் தரவை அழித்தது. சூப்பர் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் இடத்திலேயே அப்படி, நம் லேப் எம்மாத்திரம். செமஸ்டர் லீவில் ஒரு பழைய கம்ப்யூட்டரை எடுத்து, பேக்கப்பை அதில் ஏற்றி, ஏதாவது ஒரு மாணவனின் மார்க்கையும் அவன் அப்லோட் செய்த அசைன்மென்ட்டையும் திறந்து பாருங்கள். முதல் தடவை எனக்கு ஒன்றரை நாள் ஆனது. டேட்டாபேஸ் பேக்கப் மூன்று மாதமாகப் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூலை 7 கதைக்கு வருகிறேன். மார்க் ஷீட்டுகள் கிடைத்தன, அலமாரியில் காகித ஃபைலில் இருந்த பிரின்ட் அவுட்டுகளாக, முத்திரையோடு. இரண்டு பேர் உட்கார்ந்து டைப் அடித்தார்கள். பாடக் குறிப்புகளில் பாதி மாணவர்களின் வாட்ஸப் குரூப்பிலிருந்து வந்தது. கேள்வி வங்கியும் வீடியோக்களும் போனது போனதுதான்.

கிளம்பும்போது, வேலையை விடுபவர் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கும் அவர்களுடைய நோ டியூ படிவத்தை வாங்கிப் பார்த்தேன். நூலகம், லேப், ஹாஸ்டல், உடற்கல்வித் துறை, கூட்டுறவு ஸ்டோர் என்று பதினொரு கையெழுத்துக்கு இடம் இருந்தது. அந்த மேடம் நூலகத்துக்குத் தர வேண்டிய ஒரு புத்தகத்துக்காக இரண்டு நாள் அலைந்தாராம். பன்னிரண்டாவதாக ‘டிரைவ், மூடில் ஒப்படைப்பு’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி முதல்வருக்கு மெயில் போட்டிருக்கிறேன். படிவத்தை மாற்ற கமிட்டி கூடி முடிவெடுக்க வேண்டுமாம்.